டயாலிசிஸ்காரன் கையில் பல்ஸ் ஆக்சிமீட்டர்: பதினான்கு மாத ரீடிங்

முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவன் நான். எந்த மீட்டர் ஒழுங்காக ஓடுகிறது, எது சிக்கி நிற்கிறது, எதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பதை வாசலில் நிற்கும்போதே ஓரளவு கண்டுபிடித்துவிடுவேன். ஓய்வு பெற்ற இரண்டாவது வருஷம் என் சிறுநீரகங்களும் ஓய்வு கேட்டுவிட்டன. மூன்றரை வருஷமாக வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். ஆகவே விரலில் மாட்டுகிற இந்தச் சின்ன மீட்டரைப் பற்றி எழுத எனக்கு இரண்டு தகுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. குறை சொல்லும் இடங்கள் நிறைய வரும். தவிர, வீட்டு உபயோகத்துக்கு விற்கிற சாதாரண ரகம் எல்லாவற்றுக்கும் நான் சொல்வது ஏறக்குறையப் பொருந்தும். துணி கிளிப் போல வாயைத் திறக்கும். இரண்டு ஏஏஏ பேட்டரி, ஒரே ஒரு பொத்தான். முகப்பில் மூன்று எண்கள்: ஆக்சிஜன் சதவீதம், நாடித் துடிப்பு, அப்புறம் 'பிஐ' என்று ஒன்று. முதல் இரண்டு மாதம் அந்த மூன்றாவது எண்ணை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன். காரணம் பின்னால் வரும்.

வாங்கிய அன்றே கருவி பழுது என்று முடிவு கட்டிவிட்டேன். அப்போது எனக்குப் பதினெட்டுப் படி ஏறினால் மூச்சு வாங்கும். பத்தாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கும் என்று நானே தீர்மானித்து, அதைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இதை வாங்கினேன். மேல்படியில் உட்கார்ந்து, நாக்கு வெளியே தள்ளாத குறையாக இரைத்துக்கொண்டு, விரலை நீட்டினால் 98 என்று காட்டுகிறது. திரும்பவும் போட்டேன். 98. என் மனைவி விரலில் போட்டேன். 98. பேரனுக்கும் 98. எல்லோருக்கும் ஒரே எண் காட்டுகிற மீட்டரை நான் சர்வீஸில் இருந்தபோது பார்த்திருந்தால் அன்றைக்கே கழற்றி எழுதிவிட்டிருப்பேன். பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் டாக்டரிடம் புலம்பியபோது அவர் கருவியைப் பார்க்கவே இல்லை. என் மாத ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். ஹீமோகுளோபின் 7.2.

சிறுநீரகம் நீரைப் பிரிப்பதோடு நிற்பதில்லை. எலும்பு மஜ்ஜையைப் பார்த்து "சிவப்பணு செய்" என்று சொல்லும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனும் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது. சிறுநீரகம் படுத்துவிட்டால் உத்தரவு போடும் ஆள் இல்லை. சிவப்பணு குறைகிறது, அதோடு ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் குறைகிறது. இந்தக் கருவி காட்டுவது, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனோடு இருக்கிறது என்பதை மட்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்குள் அது நுழைவதே இல்லை.

எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் இது எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற சங்கதி. வோல்டேஜ் சரியாக இருக்கும். ஆனால் கம்பி மெல்லிசாக இருக்கும். மோட்டார் முக்கும், ஓடாது. வீட்டுக்காரர் "வோல்ட் மீட்டர் சரியாத்தானே காட்டுது" என்று சண்டைக்கு வருவார்.

டாக்டர் கணக்கும் போட்டுக் காட்டினார். 1 கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். 100 மில்லி ரத்தத்தில் 14 கிராம் இருப்பவருக்கு 98 சதவீதம் என்றால் 18.4 மில்லி ஆக்சிஜன். எனக்கு இருந்த 7.2 கிராமுக்கு அதே 98 சதவீதம் என்றால் 9.5 மில்லிகூட முழுதாக இல்லை. பாதி. கருவியில் இரண்டு பேருக்கும் ஒரே எண். பதினெட்டுப் படிக்குப் பத்தாவது படியில் நான் நின்றதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஊசியும் இரும்புச் சத்தும் ஏற்றி, மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 10.4-க்கு வந்தது. படியும் ஏற முடிந்தது. அந்த மூன்று மாதமும் கருவி 97, 98 என்றே காட்டிக்கொண்டிருந்தது, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இதை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பேன். ரத்தசோகையை இது கண்டுபிடிக்காது. பெட்டிக்குள் இருந்த பதினாறு பக்கக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நகப்பூச்சு போடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், கைபேசிக்கு அருகில் வைக்காதீர்கள் என்று வக்கணையாக எழுதியிருக்கிறார்கள்.

சரி, அது எதை அளக்கிறதோ அதையாவது ஒழுங்காக அளக்கிறதா? அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கிளிப்பின் மேல் தாடையில் இரண்டு விளக்குகள். ஒன்று 660 நானோமீட்டர் அளவில் சிவப்பு, கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று 940-ஐ ஒட்டிய அகச்சிவப்பு, தெரியாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். ஆக்சிஜன் இழந்த ரத்தம் அப்படியே தலைகீழ். கீழ்த் தாடையில் இருக்கும் உணரி இரண்டும் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கிறது. ஆனால் விரலில் எலும்பு, சதை, தோல், சிரைகள் எல்லாம் இருக்கின்றனவே, அவை விழுங்கும் வெளிச்சத்தை எப்படிக் கழிப்பது?

இதற்கு வழி கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. 1970-களின் தொடக்கத்தில், காதில் வெளிச்சம் பாய்ச்சி இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அதை ஒழிக்கப் போனவர், துடிக்கிற பகுதி தமனி ரத்தம் மட்டும்தானே, அதை மட்டும் பிரித்தெடுத்தால் தமனியின் ஆக்சிஜன் அளவு கிடைத்துவிடுமே என்று கண்டுகொண்டார். 1974-ல் அதை வெளியிட்டார். 2020-ல், உலகம் முழுக்க இந்தக் கருவிக்கு அடித்துக்கொண்டிருந்த சமயத்தில், காலமானார். மீட்டர்காரன் என்ற முறையில் அவருக்கு என் பெரிய கும்பிடு.

ஆக, துடிப்பு இருந்தால்தான் ரீடிங். துடிப்பு மெலிந்தால் கருவி தடுமாறும். அந்த மூன்றாவது எண் 'பிஐ' இதைத்தான் சொல்கிறது: விரலுக்கு வரும் துடிப்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை. வீட்டில் கை வெதுவெதுப்பாக இருக்கும்போது எனக்கு 3, 4 காட்டும். டயாலிசிஸ் நாற்காலியில் 0.4-க்கு வந்துவிடும். அந்த நேரத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணை நான் நம்புவதில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. கழுத்திலோ மணிக்கட்டிலோ நாடியை எண்ணிப் பாருங்கள். கருவி காட்டும் துடிப்பு எண்ணும் அதுவும் ஒத்துப் போகவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் எண்ணும் குப்பை.

இப்போது கை சமாசாரம். எனக்கு இடது கையில் ஃபிஸ்டுலா. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருப்பார்கள், தொட்டால் பூனை உறுமுவது போல அதிரும். தெரியாமல் ஒருநாள் இடது ஆள்காட்டி விரலில் கருவியை மாட்டிவிட்டேன். 89. கொஞ்ச நேரத்தில் 87. வீட்டில் அழுகைச் சத்தமே கேட்டுவிட்டது. மனைவி சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, டயாலிசிஸ் யூனிட்டுக்கு போன் போட்டாள். எடுத்தது டெக்னீஷியன் தம்பி.

"அம்மா, பதறாதீங்க. எந்தக் கையில போட்டிருக்கார்?"

"இடது கையிலப்பா."

"வலது கையில மாத்திப் போடச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

வலது கையில் 96.

ஃபிஸ்டுலா இருக்கும் கையில் ரத்தம் குறுக்கு வழியில் சிரைக்குள் பாய்ந்துவிடும். விரல் நுனிக்குப் போய்ச் சேருவது குறையும். துடிப்பு மெலியும், ரீடிங் கீழே போகும். ஆனால் இதை "அந்தக் கையில் அப்படித்தான் காட்டும்" என்று சொல்லி விட்டுவிடவும் கூடாது. டாக்டர் மறுநாள் இரண்டு கை விரல்களையும் தொட்டுப் பார்த்தார், குளிர்ச்சி, மரத்துப் போதல், வலி, நகத்தில் நீலம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சி மட்டும். சிலருக்கு விரல் புண்ணாகும் அளவுக்கு ரத்தம் திருடு போகும், அப்படி இருந்தால் ஃபிஸ்டுலாவையே சரிசெய்ய வேண்டியிருக்கும் என்றார். மின்திருட்டுக்கு நோட்டீஸ் கொடுத்தவன் கையிலேயே ரத்தத் திருட்டு.

எனவே வலது கை. ஆனால் டயாலிசிஸ் ஓடும்போது அதிலும் ஒரு வில்லங்கம். ஃபிஸ்டுலா கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டக் கூடாது, ஆகவே அதுவும் வலது கையில்தான். அரை மணிக்கு ஒரு தடவை பட்டை தானாக உப்பும். உப்பியதும் கைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும், கருவியில் எண் சரிந்து, கோடு கோடாக ஆகிவிடும். முதல் தடவை இது நடந்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டார். பட்டை தளர்ந்து ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் பழையபடி 95. இப்போது பட்டை உப்பும் நேரத்தை மனதில் வைத்து நடுவில் பார்த்துக்கொள்கிறேன்.

குளிரும் சேர்ந்துகொள்ளும். நிமிடத்துக்கு 300 மில்லி ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய் குழாய்களைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. எனக்கு அழுத்தம் சரியாமல் இருக்க, இயந்திரத் திரவத்தின் வெப்பத்தை 35.5 டிகிரிக்கு இறக்கி வைப்பார்கள். விரல் ஐஸ் மாதிரி ஆகிவிடும். உள்ளங்கையை வயிற்றின் மேல் போர்வைக்குள் ஐந்து நிமிடம் வைத்திருந்துவிட்டு, நடுவிரலில் மாட்டி, முழுதாக ஒரு நிமிடம் ஆடாமல் இருந்து, எண் நிலைத்த பிறகு எழுதுவேன். மாட்டியவுடன் முதலில் தெரியும் எண்ணை எழுதுவது, டயல் சுற்றிக்கொண்டிருக்கும்போது ரீடிங் எழுதுவது போல.

இப்படியெல்லாம் பழகிக்கொண்ட பிறகு பன்னிரண்டு டயாலிசிஸுக்குக் கால் மணிக்கு ஒரு தடவை குறித்தேன். யாரும் சொல்லவில்லை, தொழில் புத்தி. உட்காரும்போது 97. கால் மணியில் 96. நாற்பது நிமிட வாக்கில் 94, சில நாள் 93. அப்புறம் அங்கேயே ஊர்ந்துகொண்டிருக்கும். முடிந்து ஊசி எடுக்கும்போது 95. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் மறுபடி 97. பன்னிரண்டு தாளிலும் ஏறக்குறைய இதே வடிவம். ஒரு மீட்டர் ஒரே மாதிரி இறங்கி ஒரே மாதிரி ஏறினால் அது பழுதில்லை, உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

டாக்டர் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பழைய கதை" என்றார். டயாலிசிஸ் ஆரம்பித்த சிறிது நேரத்தில் ரத்த ஆக்சிஜன் இறங்குவது பல வருஷங்களாகத் தெரிந்த விஷயமாம். அரை மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் அடிமட்டத்தைத் தொடும், முடிந்த ஓரிரு மணி நேரத்தில் சரியாகிவிடும். முந்தைய காலத்தில் செல்லுலோஸ் சவ்வு வைத்த வடிகட்டிகள் இருந்தன. ரத்தம் அந்தச் சவ்வைத் தொட்டதும் உடம்பின் எதிர்ப்பு அமைப்பு உசுப்பப்பட்டு, வெள்ளணுக்கள் கூட்டமாகப் போய் நுரையீரலின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். 1977-லேயே இதை விளக்கியிருக்கிறார்கள். திரவத்தில் அசிடேட் கலந்த நாட்களில் இன்னொரு தொல்லை: கரியமில வாயு வடிகட்டி வழியாகவே வெளியே கசிந்துவிடும். மூச்சை இழுக்கத் தூண்டுவதே அந்த வாயுதான் என்பதால் மூச்சு மந்தமாகும். இப்போது செயற்கைச் சவ்வும் பைகார்பனேட்டும் வந்துவிட்டதால் இறக்கம் குறைவு. ஆனாலும் பைகார்பனேட் ரத்தத்துக்குள் ஏறி அமிலத்தன்மையைக் குறைக்கும்போது, அதுவரை அமிலத்தை ஈடுகட்ட வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்த உடம்பு, இனி இவ்வளவு வேகம் வேண்டாம் என்று தளர்கிறது. ஆரோக்கியமான நுரையீரல் உள்ளவருக்கு 97 இருந்த இடத்தில் 94 என்றால் தெரியவே தெரியாது. ஏற்கெனவே 92-ல் இருப்பவருக்கு இதே மூன்று புள்ளி பெரிய அடி.

எல்லா இறக்கத்தையும் இப்படி ஒதுக்கிவிட முடியாது என்பதையும் அவரே சொன்னார். 2016-ல் வந்த ஓர் ஆய்வில், ஃபிஸ்டுலா போன்ற தமனி-சிரை இணைப்பு வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் ஆக்சிஜனை இயந்திரத்திலேயே தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். சுமார் பத்தில் ஒருவருக்கு, டயாலிசிஸ் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 90-க்குக் கீழே ஓடியிருக்கிறது. அவர்கள்தான் அதிகம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், அதிகம் இறந்தார்கள்.

என் பன்னிரண்டு தாளில் ஒன்று மட்டும் உதைத்தது. அன்றைக்கு இரண்டாவது மணியில் 91, கொஞ்ச நேரம் 89. பிஐ நன்றாக இருந்தது, பட்டையும் உப்பவில்லை. நானாகக் குறித்ததில்லை, தூங்கிவிட்டேன். கருவியைக் கழற்றாமல் தூங்கியதால் சிஸ்டர் பார்த்துக் குறித்தது. தோளைத் தட்டி எழுப்பினார். "அப்பா, கண்ணைத் திறங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க." நாலு மூச்சில் 95. அப்புறம்தான், "அப்பா, நீங்க குறட்டை விட்டு, நடுவுல மூச்சே விடாம கிடந்தீங்க, தெரியுமா?" என்றார். என் மனைவிக்கு இது வருஷக்கணக்காகத் தெரியும். குறட்டையைப் புகாராகச் சொன்னாளே தவிர, மூச்சு நிற்பதை நோயாக இரண்டு பேருமே நினைக்கவில்லை.

இரவு முழுக்கத் தூக்கத்தைக் கவனிக்கும் பரிசோதனை செய்தார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இது மிகச் சாதாரணமாம். உடம்பில் தேங்கிய நீர் படுக்கும்போது கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுப் பாதையை நெருக்குவதும் ஒரு காரணம். பகல் டயாலிசிஸை விட்டு, இரவு முழுக்க மெதுவாக ஓடும் டயாலிசிஸுக்கு மாறியவர்களுக்கு இந்தத் தடை நன்றாகக் குறைந்ததை 2001-ல் கனடாவில் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. முகமூடி வைத்துக் காற்றைத் தள்ளும் இயந்திரம்தான் கிடைத்தது. பழக ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கருவிக்கு இதில் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். விரலில் மாட்டும் ரகம் இரவுக் கண்காணிப்புக்கு உதவாது. புரண்டு படுத்தால் கழன்றுவிடும், எட்டு விநாடி விரல் இல்லையென்றால் அணைந்துவிடும். ஆனால் சந்தேகம் அதில்தான் பிறந்தது.

நான் மிகவும் யோசித்தது அந்த நீண்ட இடைவெளி நாளைப் பற்றி. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் என்றால் ஒரு தடவை நடுவில் இரண்டு முழு நாள் விழும். அந்த இரண்டாவது நாள் சாயங்காலமே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு முட்டியது. கருவி 96. அதைப் பார்த்துவிட்டுத் தைரியமாகத் தண்ணீரும் குடித்தேன், அதுதான் கூத்து. இரவு பத்து மணிக்குப் படுத்தால் வறட்டு இருமல். ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. 94. விடியற்காலை மூன்று மணிக்குப் படுக்கவே முடியவில்லை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டிருந்தேன். 90.

எண் ஏன் இவ்வளவு தாமதமாக விழுந்தது? பின்னால் டாக்டர் வரைந்து காட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100-லிருந்து 80-க்கு இறங்கினாலும் சதவீதம் 97-லிருந்து 95-க்குத்தான் வரும். 60-க்கு இறங்கும்போதுதான் 90. அங்கிருந்து சறுக்கு மரம், 40-க்கு வந்தால் 75. அதாவது பாதிக் கிணறு இறங்கும் வரை கருவி "ஒன்றும் இல்லை" என்றே சொல்லும். நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்ததை என் மூச்சு முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே சொன்னது எடை மிஷின். உலர் எடை, அதாவது கூடுதல் நீர் தேங்காதபோது என் எடை, 62 கிலோ என்று குறித்திருக்கிறார்கள். அன்று காலையிலேயே 65.6. நான்தான் "சட்டை கனம்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மனைவி போன் செய்தபோது சிஸ்டர் எண்ணைக் கேட்கவில்லை. "படுக்க முடியுதா?" என்று மட்டும் கேட்டார். "முடியலைங்க, உக்காந்துட்டே இருக்கார்." "காலை ஷிப்டுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க, நான் டாக்டருக்குச் சொல்றேன்."

அங்கே முகமூடியில் ஆக்சிஜன் வைப்பதற்கு முன் ஒரு தமனி ரத்தம் எடுத்தார்கள். அதை எடுப்பதற்கே டாக்டர் யோசித்தார். இடது கை ஃபிஸ்டுலா கை, அதில் குத்த முடியாது. வலது மணிக்கட்டுத் தமனி நாளைக்கே இன்னொரு ஃபிஸ்டுலாவுக்குத் தேவைப்படலாம். ஆனாலும் தேவை என்று முடிவு செய்து எடுத்தார். அதே நிமிடத்தில் என் விரலில் கருவி 90 என்று சொல்லிக்கொண்டிருக்க, ரத்தம் சொன்னது 86.

நாலு புள்ளி வித்தியாசம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கையேட்டை மறுபடி படித்தால் கருவி தப்பித்துக்கொள்கிறது. "70 முதல் 100 வரை ±2" என்று போட்டிருக்கிறார்கள். நான் அதை, இரண்டுக்கு மேல் தப்பாது என்று படித்திருந்தேன். உண்மையில் அதற்கு அர்த்தம், மூன்றில் இரண்டு ரீடிங் அந்த எல்லைக்குள் இருக்கும், மீதி வெளியேயும் போகலாம். 90 என்று காட்டினால் உண்மை 86-லிருந்து 94 வரை எங்கேயும் இருக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எழுதியிருக்கிறது. 2 சதவீதப் பிழை உள்ள மின்மீட்டரை இந்தத் தோரணையில் நாங்கள் விளக்கியிருந்தால் ஜனங்கள் சும்மா விட்டிருப்பார்களா?

இன்னொரு காரணம் என் நிறம். நான் நல்ல கறுப்பு. தோலில் இருக்கும் நிறமியும் வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் கறுத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கருவி 92-லிருந்து 96-க்குள் காட்டியவர்களில், தமனி ரத்தத்தில் உண்மையாக 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். இரண்டு மாதம் கழித்து அந்த நாட்டு நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. என் பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் ஒரு ரோஜா நிற விரல்.

அன்று நாலரை மணி நேரம் டயாலிசிஸ் போட்டு 3.2 லிட்டர் எடுத்தார்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் எடுக்கக் கூடாதாம். கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் வேகம் போனால் இதயத்துக்கு ஆகாது என்று கணக்கு. மறுநாள் மறுபடி உட்கார்த்தி மீதியை எடுத்தார்கள். மூன்றாம் நாள் தட்டையாகப் படுத்து, ஒரு தலையணையோடு தூங்கினேன். 97.

என் நெஃப்ராலஜிஸ்ட் எனக்கென்று ஓர் எல்லை சொல்லியிருக்கிறார்: ஓய்வாக, வலது கையில், பிஐ 1-க்கு மேல் இருக்கும்போது 92-ம் அதற்குக் கீழும் என்றால் போன் செய்ய வேண்டும். நுரையீரல் நோய் இருப்பவருக்கு வேறு எண் இருக்கும், ஆகவே என் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். டயாலிசிஸ் நடுவில் திடீரென்று நெஞ்சு வலி, இருமல், மூச்சுத் திணறல் என்றால் கருவியைத் தேடவே வேண்டாம், சத்தம் போட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். குழாயில் காற்று போவதிலிருந்து மாரடைப்பு வரை எதுவாகவும் இருக்கலாம். டெக்னீஷியன் தம்பி இன்னொன்றும் சொன்னான். டயாலிசிஸுக்கு வரும் தண்ணீரில் குளோரமின் தங்கிவிட்டால் ஹீமோகுளோபினே வேறு வடிவத்துக்கு மாறிவிடும், ஆக்சிஜனைச் சுமக்காது. அப்போது நிஜ நிலைமை எதுவாக இருந்தாலும் கருவி 85-ஐச் சுற்றியே நிற்கப் பார்க்குமாம். அதற்காகத்தான் கரி வடிகட்டியைத் தாண்டி வரும் தண்ணீரை ஷிப்டுக்கு முன் சோதிக்கிறோம் என்று ஒரு சின்னக் குப்பியைக் காட்டினான். அதுவரை அந்தக் குப்பியை நான் கவனித்ததே இல்லை.

சில்லறைக் குறைகள். புளூடூத் செயலி ஒன்று கூட வருகிறது. பிறந்த தேதி முதல் எல்லாம் கேட்டுவிட்டு, வரைபடத்தில் 80-க்கும் 100-க்கும் நடுவில் ஒரு தடித்த கோடு போடுகிறது, 94-க்கும் 97-க்கும் வித்தியாசமே தெரியாது. நான் அதை நீக்கிவிட்டு நோட்டில் எழுதுகிறேன். எச்சரிக்கை மணி வாங்கும்போது அணைத்தே வருகிறது. பொத்தானை நீளமாக அழுத்தி உள்ளே போய் இயக்க வேண்டும், வயதானவர்களால் ஆகிற காரியம் இல்லை. உள்ளே இருக்கும் ரப்பர் பத்தாவது மாதத்தில் ஓரத்தில் கிழிந்தது. பேட்டரி மட்டும் மெச்சத்தக்கது, தினம் நாலைந்து தடவை போட்டும் மூன்று மாதம் தாங்குகிறது. எண்கள் பெரிதாக இருக்கின்றன, கண்ணாடி இல்லாமலே தெரிகிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அரை குறைத்தது செயலிக்கு, ஒன்று குறைத்தது கையேட்டுக்கு.

போன வாரம் பக்கத்து நாற்காலிக்காரர், அன்றைக்கு என் சத்தத்தில் எழுந்தவர், இதை வாங்கலாமா என்று கேட்டார். வீட்டில் எடை மிஷின் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, போன வருஷம் உடைந்துவிட்டது என்றார். முதலில் அதை வாங்குங்கள், அதுவரை என்னுடையதைப் போட்டுப் பாருங்கள் என்று ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கொடுத்தேன். வாங்கி நேராகத் தன் ஃபிஸ்டுலா கையில் மாட்டிக்கொண்டார்.